வெறும் அலகோடு வந்த பறவை

போன வாரம் பெட்டாலிங் ஜெயா அலுவலகத்தில் உங்களைப் பார்த்தேன். ஆளுக்கொரு புதுத் தொலைநோக்கி, ஆளுக்கொரு தொப்பி, பறவை கத்தினால் பெயரைச் சொல்லிவிடும் கைப்பேசி. எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன். நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஒரே தொலைநோக்கியை மூன்று பேர் மாற்றி மாற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டோம். அதிலும் ஒரு பக்கம் பூஞ்சை பிடித்திருக்கும். ஒற்றைக் கண்ணால் பார்த்தே பாதி மலேசியாவைக் கணக்கெடுத்தோம் என்று எங்களுக்குள் சிரித்துக்கொள்வோம்.

ஓய்வு பெற்றவள் வந்து நாலு வார்த்தை பேசட்டும் என்று உங்களை உட்கார வைத்தார்கள். நான் பாதி பேசுவதற்குள் சாப்பாடு வந்துவிட்டது. பிரியாணி வாசனைக்கு முன்னால் என் பேச்சு எடுபடுமா? நீங்கள் மரியாதைக்குத் தலையை ஆட்டிக்கொண்டு கதவையே பார்த்தீர்கள். அதனால் விட்டுப்போனதை எழுதி அனுப்புகிறேன். இப்போது சாப்பிட்டுவிட்டுத்தானே இருப்பீர்கள், பொறுமையாகப் படியுங்கள்.

நம் வேலையை வெளியில் யாருக்கும் விளக்க முடியாது. மரம் வெட்டுமுன், நிலம் நிரவுமுன், அங்கே என்ன பறவை இருக்கிறது, கூடு இருக்கிறதா, கூட்டில் உயிர் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறோம். அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் கடைசிவரை, அண்ணாந்து பார்ப்பதற்குச் சம்பளம் தருகிறார்கள் என்றே நம்பினார். ஆனால் நாம் சொல்கிற ஒரு சொல்லை வைத்து ஒரு லோரி கிளம்பும், இல்லை நிற்கும். எப்படி எண்ணுவது, எப்படி எழுதுவது என்பதையெல்லாம் உங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். நான் பட்டை மரங்கொத்தி ஒன்றின் கூட்டைப் பற்றியும், அதன் கீழே தோசை சுட்ட ஒரு பெண்ணைப் பற்றியும் சொல்லப் போகிறேன்.

முதலில் பறவை. பட்டை மரங்கொத்தி ஒன்றும் அபூர்வம் இல்லை. சதுப்பு ஓரம், பழத்தோட்டம், செம்பனைத் தோட்டத்து வேலி, கிள்ளானில் ஆட்கள் நடக்கிற பூங்கா என்று எங்கேயும் பார்க்கலாம். சிறகு கருஞ்சிவப்பு. கொண்டையின் நுனியில் கொஞ்சம் மஞ்சள். வயிறு முழுக்கக் குறுக்குக் கோடுகள். புதியவர்கள் சிவப்புச் சிறகைக் கண்டதும் பெயரை எழுதிவிடுவார்கள். அங்கேதான் வழுக்குவது. சிவப்புச் சிறகு வேறொரு மரங்கொத்திக்கும் உண்டு. அதற்கு முகமும் நெஞ்சும் பச்சை, வயிற்றுக் கோடு இருந்தும் இல்லாத மாதிரி இருக்கும். ஜெஞ்சாரோம் பக்கம் ஒரு தோட்டத்தில் எங்கள் பையன் ஒருவன் சிறகை மட்டும் பார்த்துவிட்டு அடித்துச் சொன்னான். வேன் அலுவலகம் வந்து சேரும்வரை சண்டை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது முகத்தில் பச்சை. அன்று மாலை அவனே எல்லோருக்கும் தே தாரிக் டீ வாங்கிக் கொடுத்தான்.

ஆக, சிறகைப் பார்த்தால் போதாது, வயிற்றைப் பாருங்கள். கூட்டுக்குப் பக்கத்தில் நிற்கும்போது வயிறும் போதாது, முகத்தைப் பாருங்கள். ஆணுக்கு முகம் முழுக்கச் செங்கல் நிறம் ஓடியிருக்கும். பெண்ணுக்குப் பழுப்பு முகம், அதில் ரவை தூவியது போல வெள்ளைப் புள்ளிகள். இரண்டும் ஒன்றாக வந்து நின்றால் குழந்தைகூட வித்தியாசம் சொல்லும். தனித்தனியாக வந்தால் பெரியவர்களே கோட்டை விடுவார்கள். அப்படிக் கோட்டை விட்டவர், எங்கள் எல்லோருக்கும் தொழில் கற்றுக்கொடுத்தவர்.

அவரைச் 'சார்' என்றே சொல்கிறேன். பெயர் வேண்டாம். குரலை வைத்தே இருட்டில் பறவையைச் சொல்வார், அதில் அவர் தவறி நான் பார்த்ததில்லை. கோபக்காரர் இல்லை. நாங்கள் தப்பாகச் சொன்னால் திட்ட மாட்டார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அந்தத் துடைப்புக்கு நாங்கள் நடுங்குவோம்.

இனி மரம். பிரிக்பீல்ட்ஸில் பெரிய சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் பழைய தூங்குமூஞ்சி மரம் ஒன்று. மற்றதெல்லாம் பச்சையாக இருக்க, சந்தின் குறுக்கே நீண்ட பெரிய கிளை ஒன்று மட்டும் பட்டுப்போயிருந்தது. அதற்கு நேர் கீழே சரசுவின் தோசைக் கடை. கடை என்றால் இரண்டு அடுப்பு, ஒரு கல், மேலே நீலத் தார்ப்பாய், சில பிளாஸ்டிக் மேசைகள். விடியற்காலையில் திறந்து மதியத்தோடு மூடுவாள், அந்தப் பக்கம் போனால் நானும் அங்கேதான் சாப்பிடுவேன். அவள் கணவர் லோரி ஓட்டியவர், முதுகு போய் வீட்டோடு கிடந்தார். வீடு அந்தக் கல்லில்தான் ஓடியது.

கிளையை வெட்டச் சொல்லி ஆளாளாகப் பார்த்து அலைந்தவளே சரசுதான். ஒரு மழையில் அதன் நுனியிலிருந்து ஒரு துண்டு முறிந்து, தார்ப்பாயைக் கிழித்துக்கொண்டு எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் விழுந்திருக்கிறது. அன்றிலிருந்து காற்றடித்தால் அவள் அடுப்பை விட்டுவிட்டு மேலேயே பார்ப்பாள். ஒவ்வொருவராக வந்து பார்த்து, "நாளைக்கு வெட்டிடுவோம்மா" என்று சொல்லித் தோசை சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். கடைசியில் ஒருவழியாக வேலையை ஒரு குத்தகைக்காரரிடம் கொடுத்தார்கள். அந்த நேரம் பார்த்து, எதிர் அடுக்குமாடியில் இருக்கும் ஒருவர், அந்தக் கிளையின் அடிப்பக்கத்து ஓட்டையில் மரங்கொத்தி நுழைவதைப் படம் பிடித்து முகநூலில் போட்டுவிட்டார். அப்புறம் கேட்கவேண்டுமா? பிரிக்பீல்ட்ஸ் எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாதவர்கள்கூடக் கண்ணீர் விட்டார்கள். குத்தகைக்காரர் எங்களைக் கூப்பிட்டார்.

வேலையைக் கொடுத்தவர்கள் வைத்த நிபந்தனை இதுதான். கூட்டில் முட்டையோ குஞ்சோ இருந்தால், குஞ்சுகள் பறந்து போகிறவரை கிளையைத் தொடக்கூடாது. தொடாத கிளை பட்டுப்போன கிளை, அதனால் கீழே ஆள் இருக்கக்கூடாது. நாடா கட்டி அடைத்துவிடுவார்கள். நாடாவுக்குள்தான் சரசுவின் கடை. அவளுடைய லைசென்ஸ் அந்த இடத்துக்கு மட்டும்தான். சந்து முனையில் பர்கர் வண்டி வைத்திருந்தவர் வெகுநாளாக அந்த நிழலுக்குக் கண் வைத்திருந்தார். இடம் ஒரு மாதம் காலியாகக் கிடந்தால் திரும்பக் கிடைக்காது என்பது சரசுவின் பயம். வீண் பயம் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை, ஏனென்றால் அது வீண் பயம் இல்லை.

சார் ஒரு காலைப்பொழுது அங்கே உட்கார்ந்து பார்த்தார். மரங்கொத்தி வந்தது, நுழைந்தது, வெளியே வந்தது, போனது. மறுபடி வந்தது. ஒவ்வொரு முறையும் அலகு காலி. குஞ்சு இருந்தால் இரை கொண்டுவர வேண்டாமா? மைனாவைப் பார்க்கிறோம், கொண்டலாத்தியைப் பார்க்கிறோம், வாய் நிறையப் புழுவோடு வரும். இது வெறும் வாயோடு வருகிறது. ஒற்றைப் பறவை இரவு தூங்குவதற்கு வைத்திருக்கும் பொந்து, வெட்டலாம் என்றார்.

அது காதில் விழுந்ததும் சரசுவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அன்று சாரிடம் காசே வாங்கவில்லையாம்.

வெட்டுகிற நாளில் நான் போனேன். ரம்பம் ஏறுமுன் இன்னொரு ஆள் ஒருமுறை பார்க்க வேண்டும் என்பது நம் வழக்கம், உங்களுக்கும் சொல்லியிருப்பார்கள். பெரும்பாலும் சடங்குதான். ஆளை மேலே தூக்கும் ஸ்கைலிஃப்ட் லோரி வந்து சந்தை அடைத்துக்கொண்டு நின்றது. மரம் வெட்டும் ஆட்களுக்கு மேஸ்திரி தேவா, கிள்ளான்காரர், கறாரான மனிதர், எப்போதும் வானத்தைப் பார்த்துக்கொண்டே பேசுவார். அந்தப் பருவத்தில் சாயங்காலம் ஆனால் இடியும் மழையும். லோரியை ஒரு நாளைக்குத்தான் கொடுத்திருக்கிறார்கள், மழைக்கு முன்னால் முடிக்கவேண்டும் என்றார். சாரும் வந்திருந்தார். கடையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் எதிர்ப்பக்கம் ஸ்கோப்பை, அதுதான் முக்காலித் தொலைநோக்கியை, நிறுத்தினேன். சரசு ஒரு தட்டில் வடையைக் கொண்டுவந்து வைத்து, சீக்கிரம் பார்த்து முடிங்கக்கா என்று சிரித்துவிட்டுப் போனாள்.

ஓட்டையில் ஒரு முகம் தெரிந்தது. செங்கல் நிறம். ஆண். அலகை நீட்டி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்துவிட்டு நழுவி வெளியே பறந்தது. அது போன கொஞ்ச நேரத்தில் ஒரு பறவை வந்து ஓட்டைக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டது. அதே சிறகு, அதே வயிறு, அதே கொண்டை. நானும் அதே பறவை என்றுதான் நினைத்தேன். தலையைத் திருப்பியது. முகத்தில் ரவை தூவியிருந்தது.

இரண்டு பறவை. ஜோடி. ஒற்றைப் பறவையின் தூங்கும் பொந்து என்பது அங்கேயே அடிபட்டுப்போனது. பெண்ணின் அலகும் காலிதான், சார் அதைச் சரியாகத்தான் பார்த்திருந்தார். ஆனால் அது உள்ளே போகவில்லை. விளிம்பில் நின்று, தலையை மட்டும் உள்ளே விட்டு, உடம்பு குலுங்கக் குலுங்க எதையோ இறைத்தது. எறும்பையும் அதன் முட்டையையும் விழுங்கிக்கொண்டு வந்து குஞ்சின் வாயில் கக்கி ஊட்டுகிற சாதி இது. வயிற்றில் வைத்துக்கொண்டு வருகிறதை அலகில் தேடினால் எங்கே கிடைக்கும்? ஊட்டி முடித்துத் தலையை வெளியே எடுத்தபோது அலகில் வெள்ளையாக ஏதோ இருந்தது. குஞ்சின் எச்சம். அதை எடுத்துக்கொண்டு பறந்தது. வரும்போது வெறும் வாய், போகும்போது பீத்துணி. பிள்ளை வளர்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

ஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்தேன். என் எதிரே சரசு மேசைகளை ஒவ்வொன்றாக மடித்துச் சுவரோரம் சாய்த்துக்கொண்டிருந்தாள். கிளை விழப்போகிறது, பாதுகாப்பாக எடுத்து வைக்கிறாள். ஏதோ பாட்டைச் சன்னமாக முனகிக்கொண்டிருந்தாள்.

தம்பிகளே, தங்கைகளே, அந்த நிமிடத்தை நான் உங்களுக்குச் சரியாகச் சொல்லவேண்டும். நான் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியாது. சார் சொன்னதுதான் நிற்கும். தேவா நேரத்துக்கு வீடு போவார், சரசுவுக்கு இடம் தங்கும், சாருக்கு மரியாதை தங்கும். உள்ளே இருப்பவை மட்டும் சாகும், அவற்றுக்கு முகநூல் இல்லை. இதெல்லாம் எனக்கு ஒரு வடையைக் கடித்து விழுங்குவதற்குள் தோன்றியது. நல்லவள் மாதிரி நடிக்க மாட்டேன், தோன்றியது.

சாரைத் தனியாகக் கூப்பிட்டு, இரண்டு முகம் இருக்கிறது என்று சொன்னேன். ஸ்கோப்பில் அவரே பார்த்தார். நல்லவேளையாக ஆண் திரும்பி வந்து அதே குலுக்கலைக் குலுக்கியது. சார் நிமிர்ந்து கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, கையிலேயே வைத்திருந்தார்.

"நான் அலகையேதான் பார்த்துக்கிட்டு இருந்தேன். முகத்தைப் பார்க்கல," என்றார்.

அவ்வளவுதான். சமாதானம் சொல்லவில்லை, வெயில் கண்ணில் அடித்தது என்று சொல்லவில்லை. நேராகத் தேவாவிடம் போய், நான் சொன்னது தப்பு, கூட்டில் குஞ்சு இருக்கிறது என்றார். எனக்கு அவர்மேல் இருந்த மரியாதை குறைந்தது என்று நினைக்கிறீர்களா? தப்பு செய்ததைத் தப்பு என்று இவ்வளவு சின்ன வாக்கியத்தில் சொன்ன ஆளை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

தேவா கையைத் தலைமேல் வைத்துக்கொண்டார். "என்னா சார் இது, ஆளுக்கு ஒண்ணு சொல்றீங்க. வெட்டவா வேணாமா லா?" என்றார். அதற்குள் சரசு பாட்டை நிறுத்தியிருந்தாள்.

நான் கிளையையே பார்த்தேன். ஓட்டை இருந்தது அடிமரத்துக்குப் பக்கத்தில், கிளை தொடை மொத்தம் இருக்கும் இடத்தில். மக்கிப்போய்ப் பயமுறுத்தியது நுனிப்பக்கம், அதுதான் கடைக்கு மேலே நின்றது. நுனியை மட்டும் எடுத்துவிட்டு, ஓட்டை இருக்கும் கட்டையை விட முடியுமா என்று தேவாவைக் கேட்டேன். ஏறிப் போய்த் தட்டாமல் கொள்ளாமல் பார்த்துவிட்டு வந்தார். அடிக்கட்டை இன்னும் உறுதியாக இருக்கிறது, முடியும் என்றார். ஆனால் ரம்பச் சத்தம் கூட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும். தாய்தகப்பன் பயந்து போய்விட்டால்?

இங்கேதான் நம் தொழில் இருக்கிறது. முட்டை மட்டும் இருந்தால் இந்தச் சத்தத்துக்குப் பெரும்பாலும் விட்டுவிட்டுப் போய்விடும், நான் கூடாது என்றே சொல்லியிருப்பேன். விளிம்பில் நின்று ஊட்டுகிறது என்றால் குஞ்சுகள் ஓரளவு வளர்ந்து மேலே ஏறி வாயைத் திறக்கின்றன என்று அர்த்தம். அவ்வளவு பாடுபட்ட பிறகு லேசில் விடாது. திரும்பி வரும் என்று எனக்குத் தோன்றியது. தோன்றியது என்றுதான் சொல்கிறேன். யாரும் எனக்கு உத்தரவாதம் எழுதித் தரவில்லை.

தேவா அவருடைய அலுவலகத்துக்குப் போன் போட்டுப் பேசினார். பதில் வந்தது. நுனியை எடுங்கள், இருட்டுவதற்குள் பறவை கூட்டுக்குத் திரும்பி ஊட்டினால் கடை அங்கேயே இருக்கலாம். இல்லாவிட்டால் அடைப்பு. அடுப்பு, புகை, ஆள் நடமாட்டம் எதுவும் கீழே கூடாது, ஒரு மாதத்துக்கு. அந்தப் புகையிலேயே கூடு கட்டிய பறவைக்குப் புகை ஒரு பொருட்டா என்று நான் கேட்டேன். முகநூல்காரர்களுக்கு நீங்களே போய்ச் சொல்லுங்க ஆன்டி என்றார் தேவா.

லோரி இயந்திரம் உறுமத் தொடங்கியது. தேவா என்னைப் பார்த்தார், ஆரம்பிக்கவா என்று. நான் கையைக் காட்டி நிறுத்திவிட்டு சரசுவிடம் போனேன். ஏன் போனேன் என்று அப்போது யோசிக்கவில்லை. இடம் போனால் அவளுடைய இடம். நாங்கள் மூன்று பேர் பேசி முடிவெடுத்துக்கொண்டிருக்கிறோம், அவள் மேசைக்குப் பக்கத்தில் யாரோ போல நின்றுகொண்டிருக்கிறாள். எனக்குக் கூச்சமாக இருந்தது.

உள்ளே குஞ்சு இருப்பதைச் சொன்னேன். நுனியை மட்டும் வெட்டப் போவதைச் சொன்னேன். பறவை திரும்பும் என்று நினைக்கிறேன், ஆனால் திரும்பாமலும் போகலாம், அப்படியானால் உன் கடையை எடுக்கவேண்டி வரும் என்று சொன்னேன். எதையும் பூசி மெழுகவில்லை.

அவள் என்னை முறைத்தாள். "எத்தன நாள் எங்கிட்ட சாப்பிட்டுருக்கீங்க. அந்த சார் சொன்னத அப்படியே விட்டிருந்தா உங்களுக்கு என்னாக்கா போயிருக்கும்?" என்றாள். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மேலே ஓட்டையைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"வெட்டச் சொல்லுங்க. ஆனா ஒண்ணு. வந்தா வந்துச்சுன்னு சொல்லுங்க, வரலன்னா வரலன்னு சொல்லுங்க. எனக்காகப் பாவம் பார்த்து எதுவும் சொல்லாதீங்க. நாளைக்கு வெட்டிடுவோம் நாளைக்கு வெட்டிடுவோம்னு பாவம் பார்த்துச் சொன்னவங்க பேச்சக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துப்போச்சு."

வெட்டினார்கள். ரம்பம் போட்ட சத்தத்தில் சந்தில் இருந்த காகமெல்லாம் கிளம்பிவிட்டது. கிளையைக் கயிற்றில் கட்டித் துண்டு துண்டாக இறக்கினார்கள். தேவாவின் ஆட்கள் கைதேர்ந்தவர்கள், கட்டை அதிராமல் பார்த்துக்கொண்டார்கள். மதியத்துக்குள் நுனி முழுக்க லோரியில். மரத்தில் ஓட்டையோடு ஒரு குட்டைக் கட்டை மட்டும் துருத்திக்கொண்டு நின்றது.

பிறகு காத்திருந்தோம். நான் ஸ்கோப்பை விட்டு எழுந்திருக்கவில்லை. சரசு வழக்கமாக மதியம் வீட்டுக்குப் போகிறவள், போகவில்லை. மேசைகளைச் சுவரோரம் வைத்தபடியே ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஒருமுறை தூரத்தில் மரங்கொத்தி கத்திய மாதிரி இருந்தது. நால்வரும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கினோம். அது மைனாவின் சேட்டை, மற்றதின் குரலில் கத்திக் காட்டியது. வாழ்க்கையில் ஒரு மைனாவை நான் அவ்வளவு வைததில்லை.

சாயங்காலம் மேகம் கட்டியது. அப்போது பெண் வந்தது. அடிமரத்தில் ஒட்டி, கட்டையைப் பார்த்தது. வெட்டுப்பட்ட இடத்தின் வெள்ளையைப் பார்த்தது. ஓட்டைக்குப் பக்கம் ஒரு தாவல், இன்னொரு தாவல். உள்ளேயிருந்து குஞ்சுகளின் இரைச்சல் எனக்கே கேட்டது. மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தேன். அது தலையை நீட்டியது, சட்டென்று பின்வாங்கியது, பறந்துவிட்டது. ஊட்டவில்லை.

கீழே நின்றவர்களுக்கு வெறும் கண்ணால் ஓட்டை அவ்வளவு தெளிவாகத் தெரியாது. பறவை வந்ததும் போனதும் தெரிந்தது, என்ன செய்தது என்பது ஸ்கோப்பில் கண் வைத்திருந்த எனக்கு மட்டும்தான் தெரியும். முதல் தூறல் விழுந்தது. வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. தேவா வந்து நின்றார்.

"வந்துச்சு பார்த்தேன் ஆன்டி. ஊட்டிடுச்சா?"

சார் எனக்குப் பின்னால் குனிந்து மெதுவாகப் பேசினார். ஆண் இரவில் குஞ்சுகளோடுதான் தங்கும், இருட்டுகிற நேரத்துக்கு எப்படியும் வந்துவிடும், நமக்குத் தெரிந்த விஷயம்தானே, ஊட்டிவிட்டது என்றே சொல்லிவிடலாம் என்றார். அவர் எனக்கு உதவப் பார்த்தார். சரசுவுக்கும்தான். முன்பு தன் வாயால் ஏற்படுத்திய கஷ்டத்தைக் குறைக்கப் பார்த்தார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவர் சொன்னதும் உண்மைதான், ஆண் இரவில் தங்கும். எனக்கும் தெரியும். ஆனால் முன்பு நாங்கள் இடறியதும் அதே இடத்தில்தான். குஞ்சு இருந்தால் இரை தெரியும் என்று நமக்கு 'தெரியும்'. தெரிந்ததை வைத்துக்கொண்டு பார்க்காததைச் சொன்னோம்.

சரசு நாற்காலியிலிருந்து என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை முட்டியது. வயது ஐம்பதைத் தாண்டியவள், நடுச்சந்தில், மழையில்.

"இல்ல தேவா," என்றேன். "வந்து பார்த்துட்டுப் போயிடுச்சு. ஊட்டல."

தேவா லோரியிலிருந்து சிவப்பு வெள்ளை நாடாவை எடுத்துவந்து மரத்தைச் சுற்றிக் கட்டினார். சரசு எழுந்து அடுப்பு அணைந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்தாள், காலையிலேயே அணைத்த அடுப்பு. தோசைக்கல்லைச் சாக்கில் சுற்றினாள். நான் ஒரு பக்கம் பிடிக்கப் போனேன். வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு அவளே தூக்கித் தன் தம்பியின் வேனில் வைத்தாள். மழை கொட்ட ஆரம்பித்ததும் எல்லோரும் கலைந்தோம். அன்று என் வீட்டில் சமையல் இல்லை. என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்துவிட்டு, அண்ணாந்து பார்க்கிற வேலையில் இவ்வளவு கஷ்டமா என்று கேட்கவந்து, கேட்காமல் விட்டார்.

விடியுமுன் நான் சந்தில் இருந்தேன். என்னை யாரும் போகச் சொல்லவில்லை. மழை நின்று மரம் சொட்டிக்கொண்டிருந்தது. ஓட்டை தெரியுமளவுக்கு வெளிச்சம் வந்தபோது அதில் ஒரு முகம் இருந்தது. செங்கல் நிறம். இரவு முழுக்க உள்ளேயே இருந்திருக்கிறது. சோம்பலாக வெளியே வந்து, கட்டையின் மேல் ஏறி, உடம்பை உதறிக்கொண்டு பறந்தது. அது போனதும் பெண் வந்தது. இந்தமுறை தயங்கவில்லை. தலையை உள்ளே விட்டு, உடம்பு குலுங்க, நன்றாக ஊட்டியது. நான் அவசரப்படவில்லை. ஆண் திரும்பி வந்து அதுவும் ஊட்டுகிறவரை பார்த்தேன்.

அந்தக் குஞ்சுகள் பிறகு நல்லபடியாகப் பறந்துபோயின. அதற்காக என்னைக் கெட்டிக்காரி என்று அலுவலகத்தில் நாலு பேர் சொன்னார்கள். நீங்கள் சொல்லாதீர்கள். திரும்பி வரும் என்று நான் சொன்னது ஊகம், பலித்தது. பலிக்காமல் போயிருந்தால் இதே கதையை உங்களிடம் சொல்ல எனக்குத் தைரியம் இருந்திருக்குமா என்று தெரியாது. நான் இதை எழுதுவது அன்று காலை அதற்குப் பிறகு நடந்ததற்காக.

நாடாவுக்கு வெளியே வேன் நின்றிருந்தது. அடுப்பும் கல்லும் மேசையும் வேனுக்குள்ளேயே. சரசு முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். மாவு அரைத்துவிட்டாள், எங்கே கொண்டுபோய்ச் சுடுவது என்று தெரியாமல் வழக்கமான நேரத்துக்கு வழக்கமான இடத்துக்கு வந்திருக்கிறாள். தேவாவும் நாடாவைச் சரிபார்க்க வந்திருந்தார். நான் போய் இருவரிடமும் சொன்னேன், வந்துவிட்டது, இரண்டும் ஊட்டிவிட்டன, நான் பார்த்தேன் என்று.

சொல்லும்போதே எனக்குச் சந்தேகம், இவர்கள் எப்படி நம்புவார்கள் என்று. நேற்று வரை சார் ஒன்று சொன்னார், நான் ஒன்று சொன்னேன். அதனால் ஸ்கோப்பைத் திருப்பிக் குனிந்து சரிசெய்து, வா சரசு, நீயே வந்து பார்த்துக்கோ என்றேன்.

அவள் வேனிலிருந்து இறங்கி ஸ்கோப்பைத் தாண்டிப் போய்ப் பின்கதவைத் திறந்தாள்.

"நான் எதுக்குக்கா பார்க்கணும்?" என்றாள். "நேத்து ஊட்டலன்னு சொன்னது நீங்கதானே." தேவா அலுவலகத்தைப் போனில் கேட்டுக்கொண்டு நாடாவை அவிழ்க்கத் தொடங்கியிருந்தார். அவள் தோசைக்கல்லின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, மறுபக்கத்தை என்னைப் பிடிக்கச் சொன்னாள்.